ஸ்காட்லாந்து தேசிய நூலக வரைபடத் தளம்: அகழி தேடுவோருக்கு எப்படி?

பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றி 9 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் அகழி இருந்ததும், 1920களில் மலேரியாவுக்குப் பயந்து அதை மூடியதும் பதிவில் இருக்கின்றன. இங்கிலாந்தில் இடைக்காலப் பண்ணை மாளிகைகளைச் சுற்றி வெட்டிய அகழிகளில் பலவற்றுக்கு இப்படி ஒரு வரிகூட இல்லை. தெரியவந்தவை சுமார் 6,000. அதிகம் வெட்டியது 1250 முதல் 1350 வரை. பல இன்று வெறும் வயற்பள்ளம். கோலாலம்பூரில் உட்கார்ந்தபடி அவற்றைத் தேட, இலவசமாகக் கிடைப்பதில் இந்தத் தளம்தான் முதலிடம்.

முதலில் மைலுக்கு 25 அங்குல அளவில் ஆர்டனன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பு) வரைந்த பழைய தாளைத் திறக்கவும். தொல்லிடங்களை அதில் கோத்திக் எழுத்தில் குறித்திருப்பார்கள். குறிப்பு இல்லையென்றாலும், பண்ணைவீட்டுக்குப் பக்கத்துக் குளம் 'ட' அல்லது 'ப' போல மடங்கியிருந்தால் விடாதீர்கள். மாடு தண்ணீர் குடிக்கும் குளத்துக்கு எதற்கு நேர்மூலை? அடுத்து லைடார் படத்தை (வானிலிருந்து லேசர் கதிரால் நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்து உருவாக்கிய படம்) மேலே ஏற்றி, பழைய வரைபடம் பாதி தெரியும்படி வையுங்கள். தூர்ந்துபோன பக்கம் தாழ்வாகத் தெரியும். அது குளத்தின் நுனியிலிருந்தே தொடங்கி நாற்கரத்தை மூடினால் நல்ல அறிகுறி. வேலியும் அங்கே காரணமில்லாமல் வளைந்தால் இன்னும் நல்லது. மூன்று பக்கம் மட்டும் வெட்டிய அகழிகளும் உண்டு என்பதால், மூடவில்லை என்று உடனே தள்ளிவிட வேண்டாம்.

ஏமாற்றுவது பெரும்பாலும் செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி. ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் வண்டி இறங்கச் சரிவாக இருக்கும், நடுவில் தீவு இருக்காது. பிற்காலத் தோட்டக் கால்வாயும் குழப்பும்.

குறை என்று பார்த்தால், படத்தில் பள்ளம் தெரியும், ஆழம் தெரியாது. அதற்கு இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமையின் லைடார் தரவை இலவசமாக இறக்கி, கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில் போட வேண்டும். நிழலிடும்போது ஒளியை 315 பாகையில் (வடமேற்கிலிருந்து) ஒரு முறை, 45 பாகையில் (வடகிழக்கிலிருந்து) ஒரு முறை விழச் செய்யுங்கள். ஒளியின் திசையிலேயே ஓடும் பள்ளம் ஒரே படத்தில் மறைந்துபோகும். தளத்தில் இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வசதிக்குக் கைப்பேசித் திரை போதாது.

மதிப்பெண் 5-க்கு 4. ஓர் இடம் சிக்கினால், 'கண்டுபிடித்தேன்' என்று அறிவிப்பதற்குமுன் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற மரபுச்சின்னப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலிலும், தொல்லிடப் பதிவுகளைத் தேட உதவும் ஹெரிடேஜ் கேட்வே தளத்திலும் தேடிப் பாருங்கள். சட்டப் பாதுகாப்புள்ள தொல்லிடமாக இருந்தால், அனுமதியின்றி அங்கே மெட்டல் டிடெக்டர் பிடிப்பது குற்றம். இங்கிலாந்தில் படிக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.