ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டும் ஆய்வு: மூன்றரை நட்சத்திரம்

ஓட்டலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், மிக்ஸிக்கு எழுதுகிறோம், இதுக்கு யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. 2014-ல் சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ரெண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தர் தோளில் எடை மெஷின், இன்னொருத்தர் கையில் பரீட்சை அட்டை. "சர்க்கரை, பிரஷர், இதயம் பத்தி ஒரு ஆய்வுங்க. ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறது இல்லை, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவோம், சேர்ந்துக்கிறீங்களா?" என்றார்கள். அப்போது எனக்கு 38 வயது, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை, டாக்டரிடம் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. இலவச ரத்தப் பரிசோதனை என்றதும் சேர்ந்துவிட்டேன், உண்மையான காரணம் அதுதான். நடுவில் கொரோனாவால் ஒரு சுற்று தள்ளிப்போய், 2023 வரை ஐந்து சுற்று முடிந்திருக்கிறது. நடத்துகிறவர்கள் பெயரைப் போடவில்லை, குறை சொல்லப்போகிறேன் என்பதால்.

முதலில் இது என்ன மாதிரி சமாச்சாரம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வீட்டுக்காரம்மாவே இதையும் தேசிய குடும்ப நல ஆய்வையும் ஒன்று என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வீடுகளுக்குப் போவார்கள், நாடு எப்படி இருக்கிறது என்று தெரியும், நான் எப்படி மாறினேன் என்று தெரியாது. இதில் அதே ஆட்களையே விடாமல் பின்தொடர்கிறார்கள். ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டதற்கு, வந்தவர்களில் ஒரு அக்கா சொன்னது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சர்க்கரை வந்தவர் வீட்டில் போய் ஒரே ஒரு தடவை கேட்டால், அவர் காபிக்குச் சர்க்கரை போடாதவராகத்தான் இருப்பார். அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் சர்க்கரை போடாமல் குடிப்பதால்தான் நோய் வருகிறது என்று வரும். எது முன்னால், எது பின்னால் என்று தெரிய வேண்டுமானால் நோய் வருவதற்கு முன்பிருந்தே கூட வந்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய அண்ணன் அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் நடப்பது. 1948-ல் 30 முதல் 62 வயது வரையான 5,209 பேரை எடுத்து, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தார்கள். பிரஷரும் கொழுப்பும் புகையும் இதயத்துக்கு ஆகாது என்று இன்று டீக்கடையில்கூடப் பேசுகிறோமே, அதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. 1971-ல் அவர்களின் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், 2002-ல் பேரப்பிள்ளைகளை. மூன்று தலைமுறை! எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று தலைமுறை ஒரே ரேஷன் கார்டில் இருப்பதே கஷ்டம்.

சரி, சேவைக்கு வருவோம்.

பிரஷர் பார்க்கிற விதத்துக்கு முழு மார்க். மருத்துவமனையில் நான் பார்த்ததெல்லாம் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்காருவதற்குள் பட்டையைக் கட்டி, ஒரு நம்பர் சொல்லி, "அடுத்து" என்பதுதான். இங்கே அந்த அக்கா, "அரை மணி நேரத்துல டீ குடிச்சீங்களா, பீடி பிடிச்சீங்களா, பாத்ரூம் போகணுமா?" என்று கேட்டுவிட்டு, முதுகு சாய்கிற நாற்காலியில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைப்பார். கால் மேல் கால் போடக்கூடாது. கை நெஞ்சு உயரத்துக்கு வருவதற்கு எங்கள் வீட்டில் மேசை இல்லாததால் தையல் மெஷின் மேல் தலையணையை மடித்து வைத்தார். மூன்று தடவை எடுத்தார், முதல் தடவை 146, மூன்றாவது 134. எடுத்த கையோடு, "முதல் நம்பரை நம்பாதீங்க தம்பி, அதுல பாதி பயம்" என்றார். நாலாவது சுற்றில் புதுப் பையன் ஒருவன் வந்து சட்டைக் கை மேலேயே பட்டையைக் கட்டினான். நான்தான் சட்டையைக் கழற்றிவிட்டு, "இப்ப கட்டு கண்ணு" என்றேன். இத்தனை வருஷ அனுபவம் எனக்கு.

ரத்தம் எடுப்பது சுமார். ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்து, காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும். ஏழு மணிக்கு வருவோம் என்பார்கள், ஒன்பதரைக்குத்தான் வருவார்கள். தெருவில் இட்லிக்கடை ஆவி வந்துகொண்டிருக்கும், நாம் திண்ணையில் காவல் காக்க வேண்டும். குத்துகிற கை மட்டும் நல்ல கை, அதைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது கேள்வித்தாள். சாப்பாட்டுப் பகுதி மட்டும் முக்கால் மணி நேரம். மாசத்துக்கு எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு, கரண்டியில் சொல்லுங்கள், டம்ளரில் சொல்லுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பீட்ஸா இருக்கிறது, பர்கர் இருக்கிறது, நூடுல்ஸ் இருக்கிறது. தட்டுவடை செட் இல்லை! சேலத்துக்காரன் சாயங்காலம் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் சேலத்தில் ஆய்வு நடத்தினால் எப்படி? வாரத்துக்கு நாலு நாள் பட்டறை விட்டு வரும்போது ஒரு செட்டும் ஒரு நொறுக்கலும் சாப்பிடுகிறவன் நான். ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் இருக்கிற பீட்ரூட், கேரட் துருவலைக் காய்கறியில் சேர்ப்பதா, தட்டுவடையை எண்ணெய்ப் பலகாரத்தில் சேர்ப்பதா என்று அக்காவே குழம்பி, கடைசியில் 'மற்றவை' என்ற கட்டத்தில் நுணுக்கி எழுதிக்கொண்டார். மூன்று சுற்றாக அது 'மற்றவை'யில்தான் கிடக்கிறது.

வயது கேட்கிற விதம் மட்டும் அருமை. எங்கள் அம்மாவையும் சேர்த்தார்கள். அம்மா எப்போது கேட்டாலும் "அறுவது இருக்கும்" என்பார், நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். வயது தெரியாதவர்கள் ஐம்பது, அறுபது என்று முழு எண்ணாகச் சொல்வதால் கணக்கு கெட்டுவிடுமாம். அதனால், "எம்ஜிஆர் இறந்தப்ப பெரிய பையன் எந்த வகுப்பு? இந்திரா காந்தியைச் சுட்டப்ப சின்னப் பாப்பா பிறந்தாச்சா?" என்று 1987, 1984 என்று பின்னாலேயே போய் ஆளைப் பிடித்தார்கள். அம்மாவுக்கு நாலு வயது கூடிவிட்டது, இன்னும் கோபம்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கும் இதே அக்காதான் போகிறார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கு மேல் நடை. காபி பறிப்புக் காலத்தில் சனம் விடிவதற்குள் எஸ்டேட்டுக்குப் போய்விடும், வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் முதல் நாளே போய் அங்கேயே படுத்தால்தான் உண்டு. பனியில் சுருண்டு படுத்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆய்வு என்றால் கம்ப்யூட்டரும் டாக்டர்களும் என்று நினைத்திருந்தேன், இந்த மாதிரி நாலு பேர் வேலையை விட்டால் அந்த ஆய்வு படுத்துவிடும். அவர்களோ ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கிறார்கள்.

இப்போது வசவு. மூன்றாவது சுற்றில் என் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ரிப்போர்ட் என் கைக்கு வந்தது ஐந்து மாசம் கழித்து, அதுவும் இங்கிலீஷில், பட்டறைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துத்தான் படித்தேன். என் ரத்தம், என் நம்பர். ஆராய்ச்சிக்கு அவசரம் இல்லாமல் இருக்கலாம், எனக்கு இருக்கிறதே! அரை நட்சத்திரம் இல்லை, ஒரு முழு நட்சத்திரம் இதற்காகவே போயிற்று.

இன்னொன்று, என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய குறை. என் மச்சானும் 2014-ல் சேர்ந்தவர். தறி நின்றுபோய் 2017-ல் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். பிரஷர் அவருக்குத்தான் அதிகம், தூக்கம் கெட்டு, ஷிப்டு மாறி, பரோட்டாவில் வாழ்கிற மனுஷன். அவருடைய புது நம்பரை ரெண்டு தடவை கொடுத்தேன், யாரும் கூப்பிடவில்லை. சேரும்போது சொந்தக்காரர்கள் மூன்று பேர் நம்பர் வாங்கினார்களே, அது எதற்கு? எங்கள் தெருவில் சேர்ந்த 11 வீட்டில் 7 மிச்சம், ஏழும் சொந்த வீட்டுக்காரர்கள். போனது முழுக்க வாடகைக்கு இருந்தவர்கள், கடன் வாங்கியவர்கள், வேலை தேடிப் போனவர்கள். கஷ்டப்படுகிறவன் கணக்கிலிருந்து நழுவிவிட்டால், மிச்சம் இருக்கிறவர்களை அளந்து சேலத்துக்காரன் நன்றாக இருக்கிறான் என்று எழுதிவிடுவார்கள். நியூசிலாந்தில் டனீடின் என்ற ஊரில் 1972-73-ல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பார்க்கிறார்கள். 45 வயதுச் சுற்றுக்கு உயிரோடு இருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விமான டிக்கெட் போட்டு வரவழைக்கிறார்கள். எங்களுக்கு விமானம் வேண்டாம், திருப்பூர் பஸ் டிக்கெட் என்ன விலை?

"இதனால உனக்கு என்ன லாபம்?" என்று பட்டறையில் கேட்கிறார்கள். உடனடி லாபம் இல்லை. இங்கிலாந்தில் டாக்டர்களுக்கே கடிதம் போட்டு, புகை பிடிப்பீர்களா என்று 1951-ல் கேட்க ஆரம்பித்து, 2001 வரை பின்தொடர்ந்துதான் விடாமல் புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னாலேயே போய்விடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பார்த்ததில், கைக்குழந்தையில் ஒல்லியாக இருந்து, அப்புறம் வளர வளரச் சதை போட்டவர்களிடம் சர்க்கரைப் பிரச்சினை அதிகம் என்று தெரிந்தது. நான் பிறந்தபோது நோஞ்சான் என்று அம்மா சொல்வார், இப்போது இடுப்பு 96 சென்டிமீட்டர். அதைப் படித்த அன்று தட்டுவடைக் கடையைத் தாண்டி நேராக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போய்விட்டேன் என்பது வேறு விஷயம்.

உங்கள் தெருவுக்கு இப்படி யாராவது வந்தால் சேருங்கள், ஆனால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் யாரும் கோபப்படக்கூடாது, அது உங்கள் உரிமை. மிச்ச ரத்தத்தை உறைய வைத்துப் பிற்பாடு வேறு பரிசோதனைக்கு எடுப்பார்களா என்று தனியாகக் கேளுங்கள், அதற்குத் தனிச் சம்மதம் உண்டு. ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும் என்று படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆறாவது சுற்றுக்குப் போன வாரம் போன் வந்தது. மச்சானின் திருப்பூர் நம்பரை மூன்றாவது தடவையாகச் சொன்னேன். "எழுதிக்கிட்டேங்க" என்றார்கள்.