மூன்று வருட இயர்போனும் ஒத்துழைக்காத இடது காதும்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "உன்கிட்ட இருக்கிற அதே இயர்போனைத்தான் வாங்கினேன்டா, தகர டப்பா மாதிரி கேக்குது. பாட்டையெல்லாம் ஃப்ளாக்ல மாத்தினா சரியாயிடுமா?" (ஃப்ளாக் என்றால் ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கி வைக்கும் ஃபைல் வகை.) ஆகாது என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் நானும் இதே கேள்வியோடு கிளம்பி, இதே தப்பான பாதையில் இரண்டு மாதம் நடந்தவன். அதோடு போன மாதம்தான் இது ரிப்பேருக்குப் போய் வந்த கதை வேறு இருக்கிறது. அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது, எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

மாடல் பெயர் சொல்லப் போவதில்லை. ஒற்றை டைனமிக் ட்ரைவர் (சவ்வு அதிர்ந்து ஒலி எழுப்பும் பாகம்), கழற்றி மாட்டும் கேபிள், காதுக்குப் பின்னால் சுற்றிப் போடும் வகை. இதே அமைப்பில் ஏகப்பட்டது கிடைக்கிறது, நான் சொல்வதில் பாதி எதற்கும் பொருந்தும்.

வாங்கிய புதிதில் பேஸ் (தாழ்ந்த ஒலி) என்பதே இல்லை. பாடகர் குரல் மூக்கால் பாடுவது போல, 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் ஊசி குத்துவது போல. ஈக்வலைசரில் பேஸை ஏற்றினேன், இரைச்சல்தான் கூடியது. சரி, பாட்டு ஃபைல்தான் மட்டம் என்று முடிவுகட்டி, என்னிடம் இருந்த பழைய 128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஃப்ளாக்கில் தேட ஆரம்பித்தேன். நான்கு நிமிடப் பாட்டு ஒன்று 128இல் நாலு எம்பிகூட வராது, ஃப்ளாக்கில் சில சமயம் இருபத்தைந்தைத் தாண்டும். போனில் இடம் தீர்ந்தது, மெமரி கார்டு வாங்கினேன், அதுவும் நிறைந்தது. தகர டப்பா தகர டப்பாவாகவே இருந்தது. இப்போது நல்ல தரத்தில் தகர டப்பா.

விஷயம் பிடிபட்டது தற்செயலாகத்தான். ஒரு நாள் ராத்திரி ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்டுக்கொண்டே தலையணையில் இடது பக்கமாகச் சாய்ந்தேன். அந்தப் பக்கத்து இயர்போன் கொஞ்சம் உள்ளே அழுந்தியது. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) 'தும்' என்று காதுக்குள்ளேயே விழுந்தது. அதுவரை 'தக்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அதே அடி. எழுந்து உட்கார்ந்து விரலால் அழுத்தினேன், வந்தது. விட்டேன், போயிற்று. பத்து நிமிடம் இதையே செய்துகொண்டிருந்தேன், யாராவது பார்த்திருந்தால் காதுவலி என்று நினைத்திருப்பார்கள்.

காரணம் ரொம்பச் சாதாரணம். இயர்போனுக்குள் இருப்பது ஒரு குட்டிச் சவ்வு. காதுக்குள் போகும் ரப்பர் டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் துளிக் காற்றை அழுத்தித்தான் அது பேஸ் கொடுக்கிறது. ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், தாழ்ந்த ஒலியெல்லாம் அந்த வழியே ஓடிவிடும், மேலே இருக்கும் ஒலி அந்த அளவுக்குப் போகாது. பேஸ் குறைகிறதே என்று நாம் சத்தத்தைக் கூட்டுவோம், மிச்சம் இருக்கும் ட்ரெபிள் (மேல் ஒலி) தான் கூடும், காது வலிக்கும். இதற்கு எந்த ஃபைல் வந்து என்ன செய்யும்?

அன்றிலிருந்து ஆரம்பித்தது ரப்பர் வேட்டை. (இயர் டிப் என்று எழுதினாலும் பேச்சில் எல்லோருக்கும் அது ரப்பர்தான்.) பெட்டியோடு சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி சிலிகான் வரும், நடுத்தரம் மாட்டியே வரும், நாமும் அப்படியே போட்டுக்கொண்டு காலம் தள்ளுவோம். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வலது காதுக்கு நடுத்தரம் கச்சிதம். இடது காதில் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது, அடைக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பாட்டை நிறுத்திவிட்டு, இரண்டையும் மாட்டிக்கொண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். நன்றாக அடைத்த காதில் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவது போல முழங்கும். எந்தப் பக்கம் முழங்கவில்லையோ அந்தப் பக்கம் ஒழுகுகிறது.

பெரிய சைஸ் போட்டேன், அரைமணியில் வலி. இரட்டை அடுக்கு ரப்பர் வாங்கினேன், அது உள்ளே போவதற்குள் உயிர் போயிற்று. கடைசியில் ஃபோம், அதாவது பஞ்சு டிப். விரலால் உருட்டி ஒடுக்கி, மற்றக் கையால் காதின் மேல் நுனியைப் பின்பக்கமாக மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வைத்து, அரை நிமிடம் அசையாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அது மெல்ல விரியும்போது மின்விசிறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்து போகும் பாருங்கள், அந்த அரை நிமிடம் எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. முதல் நாள் அப்படி மாட்டிவிட்டு என்னிடம் இருந்த பாட்டெல்லாம் கேட்டு விடியற்காலைதான் தூங்கினேன். பொருள் ஒன்றுதான், ட்ரைவர் ஒன்றுதான், மாறியது சுண்டுவிரல் நுனி அளவு பஞ்சு.

பஞ்சிலும் குறை உண்டு. ட்ரெபிளைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. இடதில் ஃபோம், வலதில் சிலிகான் என்று போட்டபோது பாடகர் வலப்பக்கம் அரை அடி நகர்ந்து நின்று பாடினார், அதனால் இரண்டிலும் ஃபோமே போட வேண்டியதாயிற்று. வியர்வையும் காது அழுக்கும் சேர்ந்து இரண்டு மூன்று மாதத்தில் இறுகிவிடும், தூக்கிப் போட்டு வேறு வாங்க வேண்டும். நடந்துகொண்டே கேட்டால் சொந்தக் காலடி 'தொம் தொம்' என்று மண்டைக்குள் கேட்கும்.

சரி, ஃபைல் விஷயத்துக்கு வருகிறேன். காது அடைந்த பிறகுதான் ஃபைலின் லட்சணம் தெரிய ஆரம்பித்தது. முன்பு நன்றாக இருப்பதாக நினைத்த 128 ஃபைல்களில் ஜால்ரா ஒலியைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. 'ஜல்' என்று வெட்டினாற்போல் வர வேண்டியது 'ஷ்ஷல்' என்று ஈரத்துணியால் அடித்தது போல வருகிறது. சிடி ஒலி என்பது வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல், ஆக வினாடிக்கு சுமார் 1,411 கிலோபிட். அதை 128இல் அடக்குவது என்றால் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்குவது. காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு எம்பி3 எதையெதையோ கழற்றிவிடுகிறது, ஜால்ரா மாதிரி சட்டென்று வெடிக்கும் ஒலியில் அந்தக் கணக்கு தடுமாறுகிறது, அடிக்கு முன்னாலேயே ஒரு சின்ன இரைச்சல் கசிகிறது.

ஆனால் 320 கேபிபிஎஸ் எம்பி3? கண்ணை மூடிக்கொண்டு ஏபிஎக்ஸ் சோதனை (இரண்டு ஒலியையும் கேட்டுவிட்டு, மூன்றாவதாக வருவது அதில் எது என்று சொல்வது) செய்து பார்த்தேன். ஒரே சிடியிலிருந்து நானே எடுத்த ஃப்ளாக்கும் அதிலிருந்தே மாற்றிய எம்பி3யும், சத்தம் சமமாக. (சத்தம் கொஞ்சம் கூடினாலே 'தெளிவாக இருக்கிறது' என்று மனம் சொல்லிவிடும், அதில் ஜாக்கிரதை.) ஜால்ரா பாட்டில் 128ஐப் பத்துக்கு ஒன்பது தடவை பிடித்தேன். 320இல் பத்துக்கு ஆறு. காசு சுண்டிப் போட்டாலே அந்த ஆறு வந்திருக்கும். ஓடும் பேருந்தில் 128ஐயே பிடிக்க முடியவில்லை. இரண்டு மாதமாக ஃப்ளாக் சேர்த்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சேர்த்ததிலும் கால்வாசி போலி. ஒலி அலைவரிசைப் படம் காட்டும் மென்பொருளில் திறந்து பார்த்தால், 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டினது போல மொட்டையாக நிற்கிறது. அது பெரும்பாலும் 128 எம்பி3யின் அடையாளம், யாரோ அதை ஃப்ளாக்காக மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றிவிட்டால் தண்ணீர் பிரிந்துவிடுமா?

இனி என் கோபம். இந்த இயர்போனின் நாசிலில் (ரப்பரை மாட்டும் குட்டிக் குழாய்), ரப்பர் நழுவாமல் பிடிக்க நுனியில் இருக்க வேண்டிய விளிம்பு இல்லை. வழுவழு குழாய். மூன்று வருடத்தில் எத்தனை தடவை ரப்பர் மட்டும் காதுக்குள் தங்கியது என்று எண்ணவில்லை. ஒருமுறை ஃபோம் உள்ளே விரிந்து உட்கார்ந்துவிட்டது. அக்கா போன் டார்ச் அடித்து, புருவம் திருத்தும் இடுக்கியால் பிடித்து, "அசையாதடா, அசைஞ்சா குத்திரும்" என்று திட்டிக்கொண்டே எடுத்தாள். ஃபோமின் ஓரம் வெளியே தெரிந்ததால் வந்தது. ஆழமாகப் போயிருந்தால் நீங்களாக நோண்டாமல் டாக்டரிடம் போங்கள். இப்போது நாசிலில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றி வைத்திருக்கிறேன். பார்க்கக் கேவலமாக இருக்கிறது, நழுவவில்லை.

ரிப்பேர் கதை சுருக்கமாக. போன மாதம் இடது பக்கம் பாதிச் சத்தமாகிவிட்டது. சர்வீஸில் காட்டினால், ட்ரைவர் போய்விட்டது, அந்தப் பக்கத்தையே மாற்ற வேண்டும் என்று இரண்டே நிமிடத்தில் தீர்ப்பு. ஒரு வாரம் வைத்திருந்து அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டில் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நாசில் வலையில் காது அழுக்கு பூசி மெழுகியிருக்கிறது. வலை கீழ்ப்பக்கம் பார்க்கும்படி பிடித்து உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டித் தட்டி எடுத்தேன். சத்தம் முழுசாக வந்துவிட்டது. ட்ரைவர் போய்விட்டதாம்!

ஆக நண்பா, உன் கேள்விக்கு: முதலில் 'ம்ம்ம்' சோதனை செய், ரப்பரை மாற்று, 320க்குக் கீழே இருப்பதை மட்டும் தூக்கிப் போடு, மெமரி கார்டு வாங்காதே. இந்த இயர்போனை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வாயா என்று கேட்டால், மாட்டேன். ரப்பர் நிற்காத குழாயைச் செய்து விற்றவர்களுக்கு இன்னொரு காசு போகக்கூடாது. நீதான் வாங்கிவிட்டாயே, டேப் வீட்டில் இருக்கிறது, வந்து சுற்றிக்கொண்டு போ. வரும்போது உன் பெட்டியில் இருக்கும் பெரிய சைஸ் ரப்பர் வேண்டாமென்றால் எடுத்து வா, வலி இருந்தாலும் இடது காதில் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.