தெருவுல தற்காப்புக்கு எது உதவும், சிங்கிள்ஸ்டிக்கா, விக்னி கைத்தடியா?

சிங்கிள்ஸ்டிக் அடிப்படையில சேபர் வாளுக்கான பயிற்சி, ஆஷ் மரக் குச்சில கைய மூடுற கூடை இருக்கும், அதனால கைய முன்னாடி நீட்டி தைரியமா தடுக்கலாம், 1904 ஒலிம்பிக்ஸ்ல கூட இருந்துச்சு. ஆனா லண்டன் தெருவுல எவன் கூடை மாட்டின குச்சியோட நடப்பான்? அங்கதான் சுவிஸ்காரர் பியர் விக்னியோட கைத்தடிச் சண்டை முறை ஜெயிக்குது, பார்டிட்சுங்கற தற்காப்புக் கலைய உருவாக்கின ஆங்கிலேயர் பார்ட்டன்-ரைட் லண்டன்ல இருந்த தன்னோட பார்டிட்சு கிளப்ல விக்னியத்தான் வாத்தியாரா வெச்சிருந்தார், 1901ல பத்திரிகைலயும் இந்த முறையப்பத்தி எழுதினார். சாதா கைத்தடில விரலுக்கு காப்பு கிடையாதே, அதனால பிடிச்ச கைய தலைக்கு மேல தூக்கி தடியோட நுனி கீழ பாக்குற மாதிரி சரிச்சு வெச்சுக்கணும், எதிராளி ஓங்கி அடிச்சாலும் அடி தடி மேலயே கீழ்ப்பக்கமா வழுக்கிப் போயிடும். அதே தடிய சிங்கிள்ஸ்டிக் பழக்கத்துல முன்னாடி நீட்டினீங்கன்னா மொத அடியே விரல்லதான், அப்புறம் தடி எங்கயோ நீங்க எங்கயோ.