குமுளி மலேயாக்காரர் வீட்டின் சியாமாங் வகுப்பு: பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

குமுளியிலிருந்து அணக்கரைக்குப் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில், போர்டு எதுவும் இல்லாத ஒரு பழைய வீடு இருக்கிறது. மலேயாக்காரர் வீடு என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு வகுப்பு நடக்கிறது. ஒரே ஒரு உயிரினத்தைப் பற்றி இரண்டரை மணி நேரம், மறுநாள் விடிந்ததும் தோட்டத்துக்குள் ஒரு நடை. பெரியவர்களுக்கு 400 ரூபாய், பிள்ளைகளுக்கு 200. கட்டன் சாயாவும், அவித்த கப்பக்கிழங்கும், காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் அதிலேயே அடக்கம்.

நான் குமுளியில் ஜீப் ஓட்டுகிறேன். சவாரிக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் யானை, புலி, படகு. குரங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சுமத்ராவிலும் மலேசியக் காடுகளிலும் வாழும் சியாமாங் என்ற வாலில்லாக் குரங்கைப் பற்றி நம் ஊரில் வகுப்பு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போயே ஆகவேண்டும் என்றாள். மனைவியும் சேர்ந்துகொள்ள, குடும்பத்தோடு போனோம்.

வகுப்பு எடுக்கும் பெரியவர் பஹாங் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். வாலிப வயதில் பெற்றோருடன் கம்பத்துக்கு வந்து, அப்புறம் இங்கே தோட்டம் வாங்கியிருக்கிறார். தங்கை இன்னும் அங்கேதான். அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பிரேசர் மலைக்கு ஏறி, சியாமாங் குடும்பங்களைப் படம் எடுத்து, குரலைப் பதிவு செய்து கொண்டுவந்திருக்கிறார். இடம், இப்போது பயன்பாட்டில் இல்லாத ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். சுவரிலேயே ஏலக்காய் வாசம் ஊறிக் கிடக்கிறது. வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் பாயில், பெரியவர்கள் பெஞ்சில்.

முதலில் ஐயா படம் எதுவும் காட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் குரலைப் போட்டார். ஆழத்திலிருந்து ஒரு முழக்கம், அதன் மேலே வெடிக்கிற மாதிரி ஒரு குரைப்பு, நடுவில் ஒரு நீண்ட அலறல். எத்தனை மிருகம் கத்துகிறது என்று கேட்டார். பத்து என்றான் ஒரு பையன். இருபது என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டுதான், ஒரு ஆணும் ஒரு பெண்ணும் என்று சொல்லி விளக்கைப் போட்டார்.

அப்புறம் வந்த படத்தில் இருந்தது கரேலென்று ஒரு பெண் சியாமாங். கழுத்துக்குக் கீழே ஒரு பை ஊதி நின்றது, ஏறக்குறைய அதன் தலை அளவுக்கு. இந்தத் தொண்டைப் பை ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. முழக்கம் அதில் எதிரொலித்துத்தான் அவ்வளவு கனமாக வருகிறது. காட்டில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம் கேட்கும். கிளைக்குக் கிளை கைமாறித் தொங்கிப் போகும் வாலில்லாக் குரங்குகளைக் கிப்பன் என்பார்கள், அந்த வகைகளிலேயே பெரியது சியாமாங். எடை பெரும்பாலும் 10 முதல் 12 கிலோ. எடையைக் கேட்டு என் மகளுக்கு ஏமாற்றம், குரலை வைத்து அவள் யானை அளவுக்குக் கற்பனை செய்திருந்தாள். இரண்டு கைகளையும் விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை வரும் என்று ஐயா ஒரு கயிற்றை நீட்டிப் பிடித்துக் காட்டியதும் அவள் முகம் தெளிந்தது. வால் கிடையாது. காலில் இரண்டாவது, மூன்றாவது விரல்களைத் தோல் இணைத்திருக்கும்.

பாட்டுக்காக மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். வகுப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பெண் குரைக்கத் தொடங்கி வேகம் பிடிக்கும், ஆண் முழக்கத்தோடும் அலறலோடும் குறித்த இடத்தில் வந்து சேரும், உச்சத்தில் இரண்டும் கிளைகளைப் பிடித்து ஆடிப் பாயும். நாதஸ்வரம் மேலே ஏறும்போது தவில் எங்கே விழவேண்டுமோ அங்கே விழுகிற மாதிரி. யாராவது இடம் தவறவிட்டால் அந்தச் சுற்றைப் பாதியில் விட்டு மறுபடி தொடங்குமாம். அப்படி அறுந்துபோன ஒரு சுற்றையே பதிவிலிருந்து போட்டுக் காட்டினார். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தாமஸ் கைஸ்மான் என்ற ஆராய்ச்சியாளர், விலங்குக் காட்சிசாலைகளில் ஜோடி மாறிய சியாமாங்குகளைக் கவனித்திருக்கிறார். பழைய துணையோடு கச்சிதமாகப் பாடியவை, புதுத் துணையோடு சேர்ந்தபோது தடுமாறி, போகப்போகத்தான் இசைந்து வந்தன. 2000-இல் அவரும் இன்னொரு ஆராய்ச்சியாளரும் வெளியிட்ட ஆய்வு, அதிகம் சேர்ந்து பாடும் ஜோடிகள் ஒன்றையொன்று அதிகம் பேன் பார்க்கின்றன, அதிகம் நெருங்கியும் இருக்கின்றன என்று காட்டியது. ஐயா இதைச் சொன்னபோது பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இப்படிப் பெரியவர்களையும் கட்டிப் போடுகிற வகுப்பை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை.

இங்கே ஒரு குறை சொல்ல வேண்டும். அந்த முழக்கத்தைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம். அவர்களிடம் இருப்பதோ உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர். அலறல் தெளிவாக வருகிறது, முழக்கம் பாதி காணாமல் போகிறது. தகர ஷீட்டில் மழை விழுந்தபோது அதுவும் இல்லை. ஐயா தன் வாயாலேயே அந்த ஒலியைச் செய்து காட்டினார். அது ஸ்பீக்கரைவிட நன்றாக இருந்தது என்றாலும், காசு வாங்கி நடத்தும் வகுப்புக்கு ஒரு நல்ல பெட்டி வேண்டும்.

அடுத்தது குடும்பம். நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே இந்தப் பகுதிதான். ஏழு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே சுமந்து, ஒரு முறைக்கு ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று வருடமாவது ஆகும். முதல் வருடம் குட்டி அம்மாவின் வயிற்றை இறுக்கிப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாம் வருடத்தில் அப்பன் அதை வாங்கிக்கொள்கிறது. கிளைக்குக் கிளை, மரத்துக்கு மரம், நாள் முழுக்க அப்பன் சுமந்து திரியும், பாலுக்கு மட்டும் குட்டி அம்மாவிடம் போகும். மற்ற கிப்பன் இனங்களில் அப்பன் இப்படித் தூக்கும் வழக்கம் இல்லை. குட்டி கனக்கத் தொடங்கும் காலத்தில் தாய்க்கு அந்தச் சுமை இறங்குகிறது.

ஐயா காட்டிய ஒரு படத்தில் ஆண் சியாமாங் ஒற்றைக் கையில் தொங்கி, மறு கையால் அத்திப்பழம் பறிக்கிறது. இடுப்பில் குட்டி. அதன் கண் மட்டும் தெரிகிறது. அந்தப் படத்தை ஐயா மாற்றாமல் வெகுநேரம் விட்டுவைத்தார். என் மகள் பிறந்த வருடம் நான் ராத்திரி சவாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளை நான் தூக்கிய நேரம் குறைவு. பெஞ்சில் இருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, இரண்டு மூன்று பிள்ளைகள் என்ற அளவில்தான் இருக்கும். பிள்ளைகளும் பாட்டில் சேர்ந்து கத்திப் பழகும். ஆறு முதல் எட்டு வயதுக்குள் வளர்ந்த பிள்ளை வீட்டை விட்டுப் போகும். ஒரே நாளில் துரத்துவதில்லை. முதலில் பழமரத்தில் பக்கத்தில் விடாது, அப்புறம் தூங்கும் மரத்தில் தள்ளியே உட்காரவைக்கும், கடைசியில் அது எல்லையோரத்தில் தனியாகத் திரியத் தொடங்கும்.

“அதுக்கு யாரும் இல்லையா தாத்தா?” என்று கேட்டாள் என் மகள்.

“அது மாதிரியே பக்கத்துக் குடும்பத்திலிருந்து ஒண்ணு வெளியே வந்திருக்கும் பாப்பா. ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்கணும். பாட்டு அதுக்கும் ஒதவும்” என்றார்.

சியாமாங்கை ஏகபத்தினி விரதன் என்று சொல்லி முடித்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. தெற்குச் சுமத்ராவின் புக்கிட் பாரிசான் செலாத்தான் தேசியப் பூங்காவில் ஒரு பெண்ணோடு இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் குடும்பங்களை சூசன் லப்பான் என்ற ஆராய்ச்சியாளர் பதிவு செய்திருப்பதையும் சொன்னார். ஒரு அம்மாள் முகம் சுளித்து, பிள்ளைகள் முன்னால் இதெல்லாம் எதற்கு என்றார். “உள்ளதைத்தானேம்மா சொல்றேன்” என்று ஐயா பொறுமையாகச் சொல்லிவிட்டு மேலே போனார். நான் ஐயா பக்கம். நமக்குப் பிடித்த மாதிரி வெட்டி ஒட்டினால் அது அந்த உயிரினத்தின் கதையாக இருக்காது.

சாப்பாடு, தூக்கம், எல்லை எல்லாவற்றையும் வேகமாக முடித்துவிட்டார், அது சரிதான். அத்திதான் முக்கியப் பழம், மற்ற கிப்பன்களைவிட இலையும் அதிகம் தின்னும். கூடு கட்டாது, உயர்ந்த மரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கும். தரையில் இறங்குவது அபூர்வம். அதனால் நடுவில் மரம் விழுந்து இடைவெளி விழுந்தால் குடும்பம் துண்டாகிவிடும். அஸ்ஸாமில் ஹோலொங்காபார் சரணாலயத்தை ரயில் பாதை இரண்டாகப் பிரித்திருப்பதையும், அங்கே ஹூலக் கிப்பன்கள் படும் சிரமத்தையும் படத்தில் காட்டினார். வால்பாறைப் புதுத்தோட்டத்தில் சோலைமந்திகளுக்காகச் சாலைக்கு மேலே கட்டிய பாலங்களின் படமும் வந்தது. அந்தச் சாலையில் நான் பலமுறை வண்டி ஓட்டியிருக்கிறேன், பாலத்தைப் பார்த்தும் இருக்கிறேன். இனி அதற்குக் கீழே வேகத்தைக் குறைப்பேன்.

செல்லப்பிராணி வியாபாரத்தைப் பற்றியும் பேசினார். குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்க வழி ஒன்றுதான், தாயைச் சுடுவது. கீழே விழும்போது குட்டியும் பல நேரம் செத்துப்போகும். கிப்பன் குட்டிக்குச் சட்டை போட்டு, புட்டியில் பால் கொடுக்கும் வீடியோக்கள் போனில் வந்தால் லைக் போடாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். என் மகள் அன்று ராத்திரியே தன் தோழிகளுக்கு இதைச் சொல்லிவிட்டாள். 400 ரூபாய்க்கு வேறெதுவும் கிடைக்காமல் போயிருந்தாலும் இது ஒன்றே எனக்குப் போதும்.

காலை நடைக்கு வருவோம். இங்கே சியாமாங் இல்லை, கருமந்தி உண்டு. நம் பக்கத்தில் கருங்குரங்கு என்போம். இரண்டும் கருப்பு, இரண்டும் மர உச்சியில் வாழ்பவை, மற்றபடி வேறு வேறு. கருமந்திக்கு நீண்ட வால் இருக்கிறது, கைமாறித் தொங்கிப் போகாமல் பாய்ந்து தாவுகிறது, பெரும்பாலும் ஒரு ஆணும் பல பெண்களுமாகக் கூட்டம். விடியற்காலையில் ஆண் மட்டும் எழுப்பும் ஊங்காரத்தை இந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ராத்திரி ஜோடிப் பாட்டைக் கேட்டுவிட்டுக் காலையில் அந்த ஒற்றைக் குரலைக் கேட்டபோது, சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தமே எனக்குப் புதிதாக இருந்தது. லேகியத்துக்காக இவற்றைச் சுட்டுத் தள்ளிய காலத்தையும், இப்போது சட்டத்தில் முதல் அட்டவணையில் வைத்துக் காப்பதையும் நடந்துகொண்டே சொன்னார். ஏலத்தோட்டத்து நிழல்மரங்களைக் கவாத்து செய்யும்போது கிளைகள் ஒன்றையொன்று தொடும்படி சில இடங்களை ஐயா விட்டுவைத்திருக்கிறார். கருமந்திகள் அந்த வழியாகவே போயின.

ஆனால் நடைக்கு ஆட்கள் அதிகம். பின்வரிசையில் போன் பேச்சு, செல்பி. கூட்டம் சீக்கிரம் நகர்ந்துவிட்டது, கடைசியில் வந்தவர்கள் அசையும் இலைகளைத்தான் பார்த்தார்கள். பத்துப் பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். பைனாகுலரும் ஒன்றுதான் இருக்கிறது. படங்களில் இருக்கும் எழுத்தெல்லாம் ஆங்கிலம். தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளம் படிக்கும் பிள்ளைகளும் வரும் இடத்தில் இரண்டு மொழியிலும் எழுதிவைத்தால் நல்லது. இதையெல்லாம் ஐயாவிடம் நேரிலும் சொன்னேன். கேட்டுக் குறித்துக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சில விவரம். கடைசிப் பகுதி ஜீப் பாதை, கார் ஏறாது, பைக் கஷ்டம். மழைக்காலத்தில் அட்டை நிறைய, உப்பும் முழுக்கால் சட்டையும் வேண்டும். கழிப்பறை ஒன்று, சுத்தமாக இருக்கிறது. போன் சிக்னல் இல்லை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இரண்டரை மணி நேரம் தாங்காது. எட்டு வயதுக்கு மேல் என்றால் தயங்காமல் கூட்டிப் போங்கள், அப்பாமார் கட்டாயம் கூடப் போங்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், குறைந்த ஒன்று ஸ்பீக்கருக்கும் காலைக் கூட்டத்துக்கும்.

ஸ்பீக்கருக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. கம்பத்தில் மைக்செட் வைத்திருக்கும் என் மச்சானிடம் பேசினேன், பேஸ் பெட்டி ஒன்றை வாடகை இல்லாமல் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். டிசம்பர் விடுமுறை வகுப்புக்கு அதை நானே ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோகிறேன்.