மோஷன் டெஸ்ட் பாசிட்டிவா? எந்த முறை என்று முதலில் கேளுங்கள்

கம்பத்தில் ஒரு லேபில் அப்பாவுக்கு எடுத்த மோஷன் டெஸ்டில் 'மறைந்த ரத்தம் பாசிட்டிவ்' என்று வந்தது. பெருங்குடல் புற்றுநோயோ என்ற பயத்தில் வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் தூக்கமில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குவாயக் முறையா, ஃபிட் முறையா?" ரிப்போர்ட்டில் அது எழுதியிருக்கவில்லை. லேபுக்குப் போன் செய்து கேட்டதும்தான் குவாயக் என்று தெரிந்தது.

குவாயக் பழைய முறை, விலையும் குறைவு. அட்டையில் மலத்தைத் தடவி ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலைச் சொட்டுவார்கள். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் இருந்தால் நீலமாகும். ஆனால் அந்த ஹீம் மனிதனுடையதா மாட்டினுடையதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அப்பா வாரம் இரண்டு முறை குமுளிக்குக் காய்கறி லோடு கொண்டுபோவார். அங்கே கப்பையும் பீஃபும் சாப்பிடாமல் மலையிறங்க மாட்டார். டெஸ்டுக்கு முன்னால் 3 நாளாவது மாடு, ஆடு தவிர்க்க வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

காய்கறியும் ஏமாற்றும். பச்சை முள்ளங்கி, காலிஃபிளவர், கிர்ணிப்பழம் இவற்றில் உள்ள பெராக்சிடேஸ் என்ற நொதியும் அட்டையை நீலமாக்கக்கூடும். வெந்தால் அந்த நொதி பெரும்பாலும் அழிந்துவிடும். அதனால் முள்ளங்கிப் பச்சடிக்குத்தான் பயப்பட வேண்டும், சாம்பாருக்கு அவ்வளவு இல்லை. வைட்டமின் சி மாத்திரை நேர் எதிர். நாளுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் போனால், இருக்கிற ரத்தத்தையும் மறைத்துவிடும்.

ஃபிட் மனித ஹீமோகுளோபினை மட்டும் தேடுகிறது. பத்தியம் வேண்டாம், பெரும்பாலும் ஒரு தடவை மலம் எடுத்தாலே போதும். குவாயக்குக்கு 3 தடவை எடுக்க வேண்டும். பெருங்குடல் புற்றுநோயைத் தேட என்றால் நான் ஃபிட்டைத்தான் சொல்வேன், காசு கூடினாலும் சரி. அதுவும் ஏமாறும் இடம் உண்டு: மூலம், மாதவிடாய் ரத்தம்.

வலி மாத்திரை, ஏலத்தோட்டத்தில் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்கு வரும் கொக்கிப்புழு, இவை வேறு வகை. அங்கே கசிவது நிஜ ரத்தம்தான், ஆனால் காரணம் புற்றுநோய் அல்ல. அந்த ரத்தம் வயிற்றிலோ சிறுகுடலிலோ கசிந்து, வரும் வழியிலேயே செரித்துவிடுவதால் ஃபிட்டில் அதிகம் தெரியாது, குவாயக்கில் தெரியலாம். அப்பா மூட்டுவலிக்குத் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். டெஸ்டுக்கு 7 நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, "பீஃப்தான் காரணம்" என்று ரிப்போர்ட்டை ஓரமாக வைக்க எங்களுக்கும் ஆசை வந்தது. டாக்டர் விடவில்லை. பாசிட்டிவ் வந்தால் கொலனோஸ்கோபி (கேமரா குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது) பார்த்தே ஆக வேண்டும், இன்னொரு மோஷன் டெஸ்டில் நெகட்டிவ் வந்தாலும் அது கணக்கில்லை என்றார். தேனியில் பார்த்தோம். மூலம் மட்டும்தான்.

அடுத்து, வண்டன்மேடு பக்கம் எஸ்டேட்டில் இருக்கும் சித்திக்கு ஃபிட் குப்பி வாங்கியிருக்கிறோம். வெயிலில் கிடந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து பொய்யாக நெகட்டிவ் காட்டும். அதனால் காலை முதல் ஜீப்பிலேயே கொடுத்தனுப்புங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.