60,000 யூனிட் வைட்டமின் டி3 சாஷே: யாருக்கு, எத்தனை?

மருந்துக்கடையில் பொடியாகவும் ஜெல் மாத்திரையாகவும் கிடைக்கும் இது, குறைபாடு உறுதியானவர்களுக்கு நல்ல மருந்துதான். டாக்டர் சீட்டில் பெரும்பாலும் வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று இருக்கும். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலில் கலக்கிக் குடித்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், வாரம் ஒன்று என்பதை தினம் ஒன்றாக விழுங்குவதில். பெரியவர்களின் அன்றாடத் தேவை 600 யூனிட், உச்சவரம்பு 4,000. தினம் ஒரு சாஷே என்றால் அந்த வரம்பைப்போல 15 மடங்கு! மிஞ்சியது பி, சி வைட்டமின்கள்போல சிறுநீரில் போய்விடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறும். குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், முற்றினால் சிறுநீரகப் பாதிப்பு.

குறைபாடே இல்லாதவருக்கு? அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் 25,871 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை. 2022-இல் வந்த முடிவின்படி எலும்பு முறிவும் குறையவில்லை. ஆரோக்கியமானவருக்கு இது வீண்செலவு.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே சாப்பிடும் கால்சியம் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதிலும் பெரும்பாலும் டி3 இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.