வெளிநாடு போகும் பெரியவர்களுக்கு கொரோனா பூஸ்டர்: இங்கேயா, அங்கேயா, வேண்டாமா?

வெளிநாடு போவதற்கு முன் பூஸ்டர் போடணுமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வேன். கேட்பது ஏர்போர்ட்டுக்காகவா, உடம்புக்காகவா? 2022-இல் இரண்டுக்கும் பதில் ஒன்றாகத்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஆனால் பலரும் பழைய பயத்தையே வைத்துக்கொண்டு, "ஊசி போடலேன்னா பிளேன்ல ஏத்துவானா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பயம் சும்மா வந்ததில்லை. 2021 ஜனவரி 16 அன்று தமிழ்நாட்டின் தடுப்பூசித் திட்டமே நம்ம மதுரை ராஜாஜி மருத்துவமனையில்தான் தொடங்கியது. அதன் பிறகு இரண்டு வருஷம் பயணிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோவாக்சின் போட்டவர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலுக்காக 2021 நவம்பர் 3 வரை காத்திருந்தார்கள். கோவிஷீல்டு போட்டவர்களையும் இங்கிலாந்து சில வாரம் இழுத்தடித்தது. ஊசியை ஏற்றுக்கொண்டு, நம் சான்றிதழை ஏற்க மறுத்த கூத்து அது. 2022 மே மாதத்தில், வெளிநாடு போகிறவர்கள் மட்டும் மூன்றாவது ஊசியை ஒன்பது மாதம் காத்திருக்காமல் 90 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அரசு விதியைத் தளர்த்தியது. பயணம் என்றால் பூஸ்டர் என்ற எண்ணம் அப்போது மனதில் பதிந்ததுதான்.

அப்புறம் ஒவ்வொரு நாடாகக் கதவைத் திறந்துவிட்டது. மலேசியா 2022 ஆகஸ்டில், சிங்கப்பூர் 2023 பிப்ரவரியில், அமெரிக்கா 2023 மே 12-இல். கிரீன் கார்டு விண்ணப்பத்துக்குக்கூட கொரோனா ஊசி தேவையில்லை என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா சொல்லிவிட்டது. ஆக, காகிதத்துக்காக பூஸ்டர் போடும் காலம் முடிந்தது. கோவின் சான்றிதழைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், பாரமில்லை. அதற்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வேண்டாம்.

காகிதத்துக்காகவே போட வேண்டிய ஊசிகள் வேறு இருக்கின்றன. கென்யா, நைஜீரியா பக்கம் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி. மதுரைக்காரர்களுக்குப் பக்கம் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம், இல்லையென்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். போட்டு பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசி. இவற்றை விட்டுவிட்டு கொரோனா ஊசிக்கு அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும்.

சரி, உடம்பு விஷயத்துக்கு வருவோம். அலச வேண்டியது அங்கேதான் நிறைய இருக்கிறது.

எங்கள் பெரியப்பாவுக்கு 68 வயது. பிரஷர் மாத்திரையும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் தினம் உண்டு. பெரியம்மாவுக்கு 63, சர்க்கரை. அவர்கள் மகளுக்கு, அதாவது எங்கள் அக்காவுக்கு, ஜனவரியில் பிரசவம், ஊர் அமெரிக்காவில் நியூ ஜெர்சி. மதுரை வில்லாபுரத்திலிருந்து இரண்டு பேரும் டிசம்பர் முதல் வாரம் கிளம்புகிறார்கள். இரண்டு பேருக்கும் 2021-இல் இரண்டு கோவிஷீல்டு, 2022-இல் அரசு இலவசமாக ஊசி போட்ட 75 நாள் திட்டத்தில் மூன்றாவது. அதோடு சரி. அந்த ஊசிகள் கடும் நோயிலிருந்து காப்பாற்றும் பலம் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். தொற்றைத் தடுக்கும் பலம் சில மாதத்திலேயே போயிருக்கும். இவர்களுக்கு முன்னால் இருந்தது மூன்று வழி.

முதல் வழி, இங்கேயே போட்டுவிட்டுக் கிளம்புவது. பெரியவர்களுக்கு இதுதான் பிடிக்கும். தெரிந்த டாக்டர், தெரிந்த பாஷை, காய்ச்சல் வந்தால் சொந்த வீட்டுக் கட்டில். செலவும் 2022-இல் தனியாரில் 225 ரூபாய் ஊசிக்கும், அதிகபட்சம் 150 சேவைக் கட்டணத்துக்கும், வரியோடு சேர்த்து 386 தான். சிக்கல் என்னவென்றால் ஊசி கிடைக்க வேண்டுமே! மதுரை கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் கேட்ட இடமெல்லாம் "ஸ்டாக் இல்லை சார்" தான். இதற்குக் காரணம் உண்டு. கோவிஷீல்டு தயாரிப்பை சீரம் நிறுவனம் 2021 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. அது பத்துப் பேருக்கான குப்பியில் வந்த ஊசி. திறந்தால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒருத்தருக்காக யார் குப்பியை உடைப்பார்கள்? மூக்கில் விடும் இன்கோவேக் சொட்டு மருந்து 2023 ஜனவரியில் வந்தது. ஒமிக்ரானுக்கென்றே புனே ஜென்னோவா நிறுவனம் தயாரித்த ஊசி அதே வருஷம் ஜூனில் வந்தது. இரண்டையும் எங்களுக்குத் தெரிந்த வட்டாரத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

கிடைத்தாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. கோவிஷீல்டும் கோவாக்சினும் 2020-இல் சுற்றிய முதல் வைரஸை வைத்துச் செய்தவை. இன்று சுற்றுவது ஒமிக்ரானின் பேரன் கொள்ளுப்பேரன். 2023 மே மாதமே, அந்தப் பழைய வைரஸை ஊசியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. எங்கோ ஒரு மூலையில் மிச்சமிருக்கும் பழைய ஊசியைத் தேடிப் பிடித்துப் போடுவது, என் கணக்கில், பெட்ரோல் செலவுக்குக்கூடத் தேறாது.

இரண்டாவது வழி, அங்கே போய்ப் போடுவது. 2025-26 பருவத்துக்கு அமெரிக்காவில் இருப்பது பெரும்பாலும், ஒமிக்ரான் வழிவந்த ஜேஎன்.1 குடும்பத்தைச் சேர்ந்த எல்பி.8.1 வகையைக் குறிவைத்த ஊசி. 65 வயது தாண்டியவர்களுக்கும், அதற்குக் கீழே இருந்தாலும் சர்க்கரை மாதிரி ஆபத்தைக் கூட்டும் நோய் ஒன்றாவது உள்ளவர்களுக்கும் என்று அங்கே 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். பெரியப்பா வயதால் தேறுகிறார், பெரியம்மா சர்க்கரையால் தேறுகிறார். சர்க்கரையால் ஒரு லாபம் வந்தது இதில் மட்டும்தான்.

உதைப்பது காசுதான். அங்குள்ள முதியவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இலவசம். சுற்றுலா விசாவில் போகிறவர்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் ஒரு ஊசி 150 டாலருக்கு மேல். இரண்டு பேருக்கு நம் பணத்தில் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடும். பெரியப்பா அதைக் கேட்டதும், "இந்தக் காசுக்குச் சின்னதா ஒரு காது தோடு வாங்கலாமேப்பா" என்றார். பயணக் காப்பீடும் பொதுவாக இதற்கு உதவாது. அது நோய் வந்த பிறகு பேசும், வருமுன் ஊசிக்குப் பேசாது. போதாததற்கு மருந்தாளுநரே போடலாமா, டாக்டர் சீட்டு வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அக்காவை முன்கூட்டியே கடையில் விசாரித்து வைக்கச் சொன்னேன்.

இந்தச் செலவுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு தொகை இருக்கிறது. கொரோனா வந்தால் முதியவர்களுக்கு அங்கே கொடுக்கும் பாக்ஸ்லோவிட் மாத்திரையின் பட்டியல் விலை 2023-இல் ஐந்து நாளுக்கு 1,390 டாலராக இருந்தது. அதைவிட முக்கியம், அது பெரியப்பாவின் மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. கொலஸ்ட்ராலுக்கான அடார்வாஸ்டாடினை நிறுத்திவைக்கவோ குறைக்கவோ சொல்வார்கள். பிரஷருக்கான அம்லோடிபினின் அளவு ரத்தத்தில் ஏறும். மாத்திரைப் பெயரெல்லாம் எழுதிய சீட்டு கையில் இல்லாமல் அங்கே போய் நின்றால் திண்டாட்டம்தான்.

நாள் கணக்கு இன்னொன்று. ஊசி போட்டு முழுப் பலன் வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பலரும் கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். பேரப்பிள்ளைக்காகப் போகிறவர்கள் பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். டிசம்பர் முதல் வாரம் இறங்கி, தூக்கம் சரியானதும் போட்டுக்கொண்டால், குழந்தை கைக்கு வருவதற்கு முன் உடம்பு தயாராகிவிடும். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு கொரோனா ஊசி கிடையாது. அதற்குக் கிடைக்கிற காவல், தாய் கர்ப்பத்தில் போட்டுக்கொண்டதால் வந்தது, சுற்றியிருப்பவர்கள் நோயைக் கொண்டுவராமல் இருப்பது, இவ்வளவுதான்.

மூன்றாவது வழி, பூஸ்டரே வேண்டாம் என்று கிளம்புவது. இதை நான் கேலி செய்ய மாட்டேன். முப்பது வயதில், வேறு நோயில்லாமல், மதுரையிலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிற தம்பிக்கு நான் சொல்வதும் இதுதான். கடும் நோய்க்கான வாய்ப்பு அவருக்குக் குறைவு, பூஸ்டரின் கூடுதல் லாபமும் குறைவு. படிக்கப் போகிற பிள்ளைகள் தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் போட்ட சான்று இருக்கிறதா என்று முதலில் தேடட்டும். பல பல்கலைக்கழகங்கள் கேட்பது அதைத்தான்.

ஆனால் 68 வயதில் "வேண்டாம்" என்றால் அதற்குப் பதிலாக வேறு ஏதாவது செய்தாக வேண்டும். நல்ல என்-95 முகக்கவசம் ஒன்று. விமானம் பறக்கும்போது உள்ளே காற்று வடிகட்டியாகி வருகிறது. நெருக்கடி அதிகம் குடியேற்ற வரிசையிலும், ஏறி உட்கார்ந்து கதவு மூடும்வரை காத்திருக்கும் நேரத்திலும்தான். அங்கே கட்டாயம் போட வேண்டும், சாப்பிடும்போது கழற்றியதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் காரணம் வேறு: "ஊசி போட்டவனுக்கெல்லாம் ஹார்ட் அட்டாக் வருதாமே." டீக்கடையில் தொடங்கிக் கல்யாண வீடு வரை ஓடும் பேச்சு இது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 47 மருத்துவமனைகளில் 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்தது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை, இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது என்று வந்தது. ஆபத்தைக் கூட்டியவை குடும்பத்தில் முன்பு நடந்த திடீர் மரணம், கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தது, அளவுமீறிய குடி, திடீர்க் கடும் உழைப்பு போன்றவை. கோவிஷீல்டால் அரிதாக ரத்தக்கட்டு வந்தது உண்மை. அமெரிக்காவில் போடும் ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகை ஊசியால் இதயத்தசை வீக்கம் அரிதாக வருவதும் உண்மை, ஆனால் அது பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு. 68 வயதுக்காரர் அநேகமாக அந்தக் கணக்கில் வரமாட்டார்.

எங்கள் வீட்டு விவாதத்தில் கடைசிவரை யாரும் பேசாமல் இருந்தது வேறு இரண்டு ஊசி. ஃப்ளூ ஊசி, கக்குவான் இருமலுக்கான டிடாப். அமெரிக்காவில் ஃப்ளூ உச்சம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. நமக்கும் வடகிழக்குப் பருவமழையோடு அது வந்துவிடும். கக்குவான் பெரியவர்களுக்கு வெறும் நாள்பட்ட இருமல், பச்சைக் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. இரண்டும் மதுரையிலேயே கிடைக்கும், ஃப்ளூ ஊசி இரண்டாயிரத்தை ஒட்டி வரும். குழந்தையைத் தொடுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது டிடாப் போட்டிருக்க வேண்டும். கொரோனா ஊசி கிடைக்கவில்லையே என்று புலம்பிக்கொண்டு, பக்கத்துக் கிளினிக்கிலேயே கிடைக்கும் இவற்றை விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

என் கட்சி இதுதான்: பேரப்பிள்ளைக்காகப் போகும் முதியவர்கள் ஃப்ளூவையும் டிடாப்பையும் இங்கே போட்டுக்கொள்ளட்டும், கொரோனா ஊசியை அங்கே போய் முதல் பத்து நாளுக்குள். பணம் இடித்தால் இரண்டு பேரில் வயதும் நோயும் கூடியவருக்காவது. சிறுநீரகம் மாற்றியவர்கள், கீமோ எடுப்பவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே தங்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் நவம்பர் முதல் வாரம் இரண்டு ஊசியையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டார்கள். பெரியம்மாவுக்கு ஒரு நாள் கை வலி, பெரியப்பாவுக்கு ஒன்றுமில்லை. கொரோனா ஊசிக் காசை அக்கா கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள். அதிலும் பெரியப்பா, "மாப்பிள்ளைக்குத் தெரியாம குடும்மா" என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்.